மேல்பெட்டித் தாழ்ப்பாள் ஏமாற்றுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

விமானத்தில் இருக்கைக்கு மேலே சாமான் வைக்கும் பெட்டியை மேல்பெட்டி என்றே இங்கே சொல்கிறேன். அதன் கதவைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது ஒரு முறை தவறினால், கீழே உட்கார்ந்திருப்பவரின் தலையில் பத்து கிலோ பெட்டி விழும். சோதனை மேடையில் ஒரு தாழ்ப்பாள் தகராறு செய்யும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இளம் வடிவமைப்பாளர்கள் அடிக்கடி திணறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த சில பத்திகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

உங்கள் பெட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒன்று தட்டு வகை. பெட்டி அசையாது, கதவு மட்டும் மேல்பக்கமாகத் திறக்கும். இன்னொன்று தொட்டில் வகை. சாமானோடு சேர்ந்து பெட்டியே கீழே இறங்கி வரும். போயிங் 787-இலும், 2010-இல் 737-க்கு வந்த ஸ்கை இன்டீரியர் என்ற உள்ளறை வடிவமைப்பிலும் இருப்பது தொட்டில் வகை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டிலும் தாழ்ப்பாள் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது சுமக்கும் பாரம்தான் முற்றிலும் வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்க விமான வடிவமைப்பு விதி 25.561, அவசரத் தரையிறக்கத்துக்கு முன்பக்கம் 9ஜி (அதாவது எடையைப்போல 9 மடங்கு விசை), கீழ்நோக்கி 6ஜி, மேல்நோக்கி 3ஜி, பக்கவாட்டில் 3ஜி, பின்பக்கம் 1.5ஜி என்று வரையறுக்கிறது. பெட்டியில் 60 கிலோ சாமான் என்று வைத்துக்கொள்வோம். தட்டு வகையில் கதவு நடைபாதைப் பக்கம் இருப்பதால் அதைத் தள்ளுவது பக்கவாட்டு விசை. 60 × 9.81 × 3, சுமார் 1,770 நியூட்டன். உள்ளே பயணிகளின் பெட்டிகள் படுக்கையாக 23 செ.மீ. உயரத்துக்கு அடுக்கியிருந்து, கீல் 35 செ.மீ. மேலே இருந்தால், இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,190 நியூட்டன் அளவுக்கு, கீழ் விளிம்பில் உள்ள தாழ்ப்பாளுக்கு வரும். சாதாரணப் பயணத்தில் அதே தாழ்ப்பாளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

தொட்டில் வகையில் கதை வேறு. எடை கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் சரிபாதியில் விழுகிறது என்றால், விமானம் நின்றுகொண்டிருக்கும்போதே தாழ்ப்பாள் 294 நியூட்டன் சுமக்கிறது. 6ஜி வந்தால் 1,770 நியூட்டன். அது ஒரு நொடிகூட ஓய்வு இல்லாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும் பாகம். தட்டு வகைக்கு வரைந்த கொக்கியை அப்படியே தொட்டில் வகைக்குத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

மூடியதுபோல இருக்கிறது, ஆனால் மாட்டவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. கதவு பக்கத்துக் கதவுகளோடு ஒரே மட்டத்தில் நிற்கும். கைப்பிடி உள்ளே போயிருக்கும். பணிப்பெண் பார்த்துக்கொண்டே கடந்து போவார். உள்ளே கொக்கியின் நுனி, அது மாட்ட வேண்டிய ஸ்ட்ரைக்கர் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓடுபாதையில் ஒரு குலுக்கல் போதும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கதவை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, இரண்டு விரலால் தள்ளி மூடுங்கள். "டக்" சத்தம் வருவதற்குச் சற்று முன்னால் கையை எடுத்துவிடுங்கள். கதவு என்ன செய்கிறது? அது திரும்ப வெளியே வந்து கைப்பிடி அளவுக்காவது திறந்து நின்றால் நல்ல வடிவமைப்பு. அங்கேயே நின்றுவிட்டால் பிழை கிடைத்துவிட்டது. இதை 20 தடவையாவது செய்யுங்கள். இடது மூலையைத் தள்ளி, வலது மூலையைத் தள்ளி, நடுவைத் தள்ளி, காலியாக, பாரத்தோடு என்று எல்லா விதமாகவும் செய்ய வேண்டும். நடுவைத் தள்ளும்போது ஒழுங்காக இருக்கும் பல தாழ்ப்பாள்கள் மூலையில் தள்ளினால் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன.

ஒரு மாதிரிப் பெட்டியை அனுபவமுள்ள பணிப்பெண் ஒருவரிடம் காட்டியபோது நான் கற்றுக்கொண்டது இது. நாங்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்து நடுவில் தள்ளி மூடிக் காட்டினோம். அவர் கைப்பிடியைத் தொடவே இல்லை. நடந்துகொண்டே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் வலது மூலையை ஒரு தட்டு தட்டினார். மேலே பார்க்கக்கூட இல்லை, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வலது கொக்கி மாட்டியது, இடது கொக்கி நுனியில் நின்றது. கதவு இரண்டு மில்லிமீட்டர்கூட வெளியே தெரியவில்லை. மூன்று மாதம் நாங்கள் செய்த சோதனையில் இது ஒரு தடவையும் வரவில்லை. காரணம், அவர் மூடியதுபோல நாங்கள் ஒருவரும் மூடவில்லை.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். கதவைத் தூக்கிவிடும் எரிவாயு ஸ்பிரிங்கின் விசைக்கோடு, மூடும் கடைசி 20 மி.மீ. தூரத்தில் கீலின் அச்சை நெருங்கிவிடுகிறதா? நெருங்கினால் அந்த இடத்தில் கதவுக்கு எந்தப் பக்கமும் போக மனமிருக்காது. ஸ்பிரிங் பொருத்தும் முனையை நகர்த்தி, கடைசித் தூரத்திலும் திறக்கும் பக்கமாகவே விசை இருக்கும்படி செய்யுங்கள். அது முடியவில்லை என்றால் தாழ்ப்பாள் அருகிலேயே சின்னத் தள்ளு ஸ்பிரிங் ஒன்று வையுங்கள். மாட்டாத கதவை அது வெளியே துப்பிவிட வேண்டும்.

அடுத்து கொக்கியின் நுனி. நுனி தட்டையாக இருந்தால் கம்பி அதன்மேல் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. நுனியைக் கூரான முகடாக்கி, இரண்டு பக்கமும் சரிவு கொடுங்கள். கம்பி ஒன்று உள்ளே விழ வேண்டும், இல்லை வெளியே வழுக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கொக்கிகளும் மாட்டாமல் கைப்பிடி மட்டம் ஆகவே கூடாது. கைப்பிடியின் ஸ்பிரிங் தனி, கொக்கியின் ஸ்பிரிங் தனி என்று இருந்தால் கைப்பிடி பொய் சொல்லும். கொக்கியே கைப்பிடியை இழுத்து உட்கார வைக்கும்படி இணைப்பை மாற்றுங்கள். கைப்பிடியின் ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்று வைத்து, மாட்டாதபோது அது நடைபாதையிலிருந்து தெரியும்படி செய்தால் இன்னும் நல்லது. ஆனால் பட்டையை மட்டும் நம்பி முதல் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இரவுப் பயணத்தில் விளக்கைக் குறைத்துவிட்டால் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும்.

கடினமாகத் தரையிறங்கினால் திறந்துகொள்கிறது

மூன்று சந்தேக நபர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, கொக்கியின் முகக் கோணம். கம்பி கொக்கியைத் தள்ளும் விசையின் கோடு, கொக்கியின் சுழல் அச்சுக்கு எந்தப் பக்கம் போகிறது என்று வரைந்து பாருங்கள். மூடும் பக்கம் போனால் பாரம் ஏற ஏறக் கொக்கி இறுகும். திறக்கும் பக்கம் போனால் அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃகுக்கும் எஃகுக்கும் உராய்வுக் குணகம் 0.15 என்றால் உராய்வுக் கோணம் எட்டரை பாகை. கொக்கி 5 பாகை தவறான பக்கம் சாய்ந்திருந்தாலும், இழுவை எந்திரத்தில் மாட்டி மெதுவாக இழுக்கும்போது உராய்வே தாங்கிவிடும், சோதனையிலும் தேறிவிடும். அதே கொக்கியை அதிர்வு மேடையில் வைத்தால் உராய்வு விட்டு விட்டுப் போகும். கொக்கி ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வெளியே வரும். அதனால், நிலையான இழுவைச் சோதனையில் தேறியதை வைத்து மட்டும் கோணம் சரி என்று எழுதிவிடாதீர்கள்.

உண்மையான கோணத்தைப் பார்க்கக் கணினி வரைபடம் போதாது. பட்டறையில் பொருத்தம் பார்க்கப் பூசுகிறோமே அந்த நீலப் பசை, அதைக் கொக்கியின் முகத்தில் மெலிதாகத் தடவி, பாரத்தோடு மூடித் திறந்து பாருங்கள். நீலம் அழிந்த தடம் முகத்தின் நடுவில் அகலமாக இருக்க வேண்டும். கொக்கியின் விளிம்போரத்தில் நூல்போல ஒரு கோடு மட்டும் தெரிந்தால், வரைபடத்தில் நீங்கள் வரைந்த தொடுமுனை வேறு, நிஜத்தில் தொடும் இடம் வேறு.

இரண்டாவது, கைப்பிடியின் சொந்த எடை. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. கைப்பிடி 120 கிராம், அதன் எடைமையம் சுழல் அச்சிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 6ஜியில் அது தன்னைத்தானே இழுக்கும் முறுக்கு 0.12 × 9.81 × 6 × 0.025, அதாவது 0.18 நியூட்டன் மீட்டர். திருப்பும் ஸ்பிரிங் 0.25 கொடுக்கிறது என்றால் புதிதில் தப்பித்துவிடுவீர்கள். ஸ்பிரிங் தளர்ந்து, அச்சில் அழுக்கும் சேர்ந்து கைப்பிடி பாதி தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், யாரும் தொடாமலே அது திறக்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் வயதானவர்களால் திறக்க முடியாது. அச்சுக்கு மறுபக்கம் சின்ன எதிர் எடை வைத்து எடைமையத்தை அச்சுக்கு அருகே கொண்டுவருவதே நல்ல வழி. பளபளப்பான உலோகக் கைப்பிடி கேட்டு அழகியல் குழு வரும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, கதவின் வளைவு. கதவு செய்யும் தேன்கூட்டுப் பலகை (இரண்டு மெல்லிய முகத்தோல்களுக்கு நடுவே தேன்கூடுபோன்ற அறைகள் உள்ள பலகை) விறைப்பானதுதான், ஆனாலும் நீளமான கதவின் நடுவில் பாரம் தள்ளும்போது வில்போல வளையும். ஒரே தாழ்ப்பாள் நடுவில் இருந்தால் ஓரங்கள் விரியும். ஓரங்களில் இரண்டு இருந்தால் நடு பிதுங்கி, கொக்கிகள் உள்பக்கமாகத் திரும்பும். பாரம் ஏற்றி, கொக்கிக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இந்த அளவு இல்லாத சோதனை அறிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே எம்1 நெடுஞ்சாலைக் கரையில் ஒரு போயிங் 737-400 மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் ஒன்றைத் தவிர மற்ற மேல்பெட்டிகள் எல்லாம் விமான உடலிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தன. தாழ்ப்பாள் எவ்வளவு பலமாக இருந்தாலும், பெட்டியைக் கூரையோடு பிடித்திருக்கும் இணைப்பு போய்விட்டால் பயனில்லை. அதனால் இந்த அறிகுறியைத் துரத்தும்போது பெட்டியின் தாங்குகம்பிகளையும் சேர்த்தே பாருங்கள்.

தரையில் ஒழுங்காக இருக்கிறது, மேலே போனால் தகராறு

விமானம் உயரே போகும்போது உள்ளழுத்தத்தால் உடல் கொஞ்சம் உப்பும். பெட்டியின் இரண்டு முனைகளையும் உடலோடு இறுக்கமாகக் கட்டியிருந்தால் பெட்டியும் சேர்ந்து இழுபடும், கதவுச் சட்டம் சதுரம் தப்பும், கம்பி கொக்கியை விட்டு நகரும். ஒரு முனையை நிலையாகவும் மறுமுனையை நீள்துளையில் நகரும்படியும் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீள்துளை இருந்தும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி அதை அசையாமல் செய்துவிடுவது பொருத்தும் இடத்தில் சகஜம். முறுக்குவிசைக் குறிப்பை வரைபடத்திலேயே எழுதுங்கள்.

வெப்பநிலையும் ஒரு காரணம். எரிவாயு ஸ்பிரிங்கின் விசை, ஏறக்குறைய தனிவெப்பநிலைக்கு (கெல்வினில் அளப்பது) நேர்விகிதத்தில் மாறும். 20 பாகை செல்சியஸில் சரி பார்த்தது, குளிர் நாட்டில் இரவு முழுக்க நின்ற விமானத்தில் கழித்தல் 10 பாகையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பாலைவன வெயிலில் 50 பாகையில் அதே அளவு கூடியிருக்கும். முதல் அறிகுறிக்குச் செய்த இரண்டு விரல் சோதனையை இந்த இரண்டு எல்லையிலும் செய்யுங்கள்.

ஒரு ஓரம் மாட்டுகிறது, மறு ஓரம் மாட்டவில்லை

இரண்டு கொக்கிகளையும் ஒரு குழாய்த்தண்டு இணைக்கிறது என்றால் அதன் முறுக்கு நெகிழ்வைப் பாருங்கள். ஒரு பக்கக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். கைப்பிடி எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவும் நீங்கள் இழக்கும் ஒத்திசைவு. குழாயின் விட்டத்தைக் கூட்டுவது, சுவரைத் தடிப்பாக்குவதைவிடப் பலன் தரும், எடையும் அதிகம் ஏறாது. கம்பிவடம் இணைக்கிறது என்றால் நீட்சியையும் உறையின் வளைவுகளையும் பாருங்கள்.

இணைப்பில் பிழை இல்லை என்றால் கதவே முறுக்கிக்கொண்டிருக்கலாம். சமதளத்தில் கதவைக் கிடத்தி நான்கு மூலைகளையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது

மூடும் விசையைக் கையால் ஊகிக்காதீர்கள். கதவின் விளிம்பில் விசைமானி வைத்து, தூரத்துக்கு எதிராக ஒரு வளைகோடு எடுங்கள். கடைசியில் ஒரு சிகரம் தெரியும், அதுதான் கொக்கி கம்பியை ஏறும் இடம். சிகரம் மட்டும் உயரமாக இருந்தால் கொக்கியின் நுழைவுச் சரிவை மென்மையாக்குங்கள், அல்லது கம்பியின்மேல் உருளை போடுங்கள். வளைகோடு முழுக்கவே உயரமாக இருந்தால் கீலோ, ரப்பர் ஓரமோ உரசுகிறது.

சரி, விசை குறைந்துவிட்டது, வேலை முடிந்ததா? இல்லை. பயணிகள் பெட்டியைத் திணித்துவிட்டுத் தோளால் கதவை முட்டுவார்கள். சக்கரம் வெளியே துருத்தியிருக்கும் பெட்டியின்மேல் கதவு மோதும்போது, அந்த விசை கீலுக்கும் தாழ்ப்பாள் திருகுகளுக்கும் போகிறது. அதற்கும் ஒரு சோதனை வேண்டும். இடையில் ஒரு மரக்கட்டையை வைத்து ஓங்கி மூடிவிட்டு, அதன்பின் தாழ்ப்பாள் ஒழுங்காக மாட்டுகிறதா என்று பாருங்கள். 737-க்கு வந்த ஸ்பேஸ் பின்ஸ் பெட்டியில், முன்பு நான்கு இருந்த இடத்தில் பயணிகளின் ஆறு கைப்பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தலாம். பயணிகளுக்கு நல்லது. ஆனால் எடைமையம் உயர்கிறது, மொத்தப் பாரமும் கூடுகிறது. பழைய பெட்டியின் வளைகோட்டை வைத்துக்கொண்டு புதியதற்குத் தாழ்ப்பாள் தேர்ந்தெடுக்க முடியாது.

திறக்க வரவில்லை

பெரும்பாலும் சாமான் கதவின்மேல் சாய்ந்து கொக்கியை இறுக்கியிருக்கும். மூடும் பக்கச் சாய்வை அதிகம் கொடுத்துவிட்டால் இப்படி ஆகும். இரண்டு, மூன்று பாகைக்கு மேல் நான் போவதில்லை. கம்பியில் உருளை இருந்தால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

சாய்வு சரியாக இருந்தும் இறுகினால், கைப்பிடியின் அச்சைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள். இனிப்பு வாசனை வரும். சிந்திய குளிர்பானம் காய்ந்து பிசினாகியிருக்கும். கிரீஸ் போடுவது இதற்குத் தீர்வாகாது. போர்வையிலிருந்தும் கம்பளத்திலிருந்தும் பறக்கும் பஞ்சு கிரீஸில் ஒட்டி, இரண்டு மாதத்தில் கெட்டிப்பட்டுவிடும். உலர் பூச்சும், அழுக்கு கீழே விழ வழியும் கொடுங்கள்.

உறை பாலிகார்பனேட்டால் ஆனதா என்றும் பாருங்கள். சில துப்புரவு ரசாயனங்கள் பட்டால், திருகைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் வரும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். உறை விரிந்து அச்சு கோணிக்கொண்டால் கைப்பிடி இறுகத்தான் செய்யும்.

புதிதில் நன்றாக இருந்தது, போகப்போக ஆட்டம் வருகிறது

விதி 25.787 இதை நேராகவே சொல்கிறது. பயணிகள் அறையில் சாமானைத் தடுப்பது தாழ்ப்பாள் போட்ட கதவு என்றால், சேவையில் வரக்கூடிய தேய்மானத்தையும் சிதைவையும் வடிவமைப்பில் கணக்கில் எடுக்க வேண்டும். எவ்வளவு தேய்மானம் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். குறுந்தூர விமானம் ஒரு நாளைக்கு 6 தடவை பறக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டியை 8 முறை திறந்து மூடுகிறார்கள், வருடத்தில் 350 நாள் என்று வைத்தால் 16,800 சுற்று. பத்து வருடத்தில் 1,68,000. சோதனை மேடையில் அவ்வளவு சுற்று ஓட்டிய பிறகு, அதே தேய்ந்த தாழ்ப்பாளை எடுத்துத்தான் மேலே சொன்ன பார ஏற்றச் சோதனையைச் செய்ய வேண்டும். புதிய தாழ்ப்பாளில் பாரச் சோதனை, இன்னொன்றில் சுற்றுச் சோதனை என்று பிரித்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் விதி கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேடும்போது கொக்கியை மட்டும் பார்க்காதீர்கள். தேன்கூட்டுப் பலகைக்குள் பிசின் ஊற்றிப் பதித்த திருகுக் குமிழ் விட்டுப்போயிருக்கலாம். திருப்புளியால் முறுக்கினால் திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அதுதான். அப்போது எத்தனை புதுத் தாழ்ப்பாள் மாற்றினாலும் ஆட்டம் போகாது. குமிழை இரண்டு முகத்தோலையும் பிடிக்கும் வகைக்கு மாற்றுங்கள்.

தேய்வது உறுதி என்பதால், எது தேய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள். கொக்கியைக் கடினமாகவும் ஸ்ட்ரைக்கரைச் சற்று மென்மையாகவும் வைத்தால் ஸ்ட்ரைக்கர்தான் முதலில் போகும். அதை இரண்டு திருகில், கூரைப் பலகையைக் கழற்றாமல் மாற்றும்படி பொருத்துங்கள். பராமரிப்பவருக்கு ஒரு தகடு கொடுங்கள். மூடிய கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே, கைப்பிடிக்கு நேர் கீழே அதை நுழைக்க வேண்டும். நுழையவில்லை என்றால் விட்டுவிடலாம். நுழைந்தால் அன்றிரவே ஸ்ட்ரைக்கரை மாற்ற வேண்டும். அந்தத் தகட்டின் தடிமனை ஊகித்துக் கொடுக்காதீர்கள். 1,68,000 சுற்று ஓடியும் பாரத்தைத் தாங்கிய அந்தத் தாழ்ப்பாளில் என்ன இடைவெளி இருந்ததோ, அதை அளந்து, அதைவிடக் கொஞ்சம் மெலிதாகச் செய்யுங்கள்.